வேட்டுச் சத்தத்துக்கு ஒரு கைதட்டல்

மேஜை மேல் ஒரு பல்லை வைத்தாள் தையற்காரி.

"என் மருமகனோடது" என்றாள். "லாக்கப்புல சாப்பாடு கொடுக்கப் போனேன். கான்ஸ்டபிள் இதைக் காகிதத்துல மடிச்சுக் கொடுத்தாரு. கீழே கிடந்துச்சாம்."

பல்லின் வேரில் ரத்தம் காயவில்லை. பூட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்க மாட்டான் என்பதால் வந்த பெயர் அது. துப்பறியும் தொழிலில் வாய் தேவைப்படும் இடங்களுக்கென்று ஓர் உதவியாளரை வைத்திருந்தான். எங்கே போனாலும் பின்னால் வருகிறவள், வந்த இடத்தில் சும்மா இருக்காதவள். அதனால் அவள் வால்.

"பரவாயில்லையே பாஸ்" என்றாள் வால். "எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிற போலீஸை இப்பத்தான் பார்க்கறேன்."

தையற்காரி சிரிக்கவில்லை.

ஊருக்கே தெரிந்த கதைதான். முந்தாநாள் மைதானத்தில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. எதிரே இருந்த ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் வேட்டுச் சத்தம் கேட்டது. தலைவருக்குப் பின்னால் நின்ற மெய்க்காவலன், மலை என்று எல்லோரும் கூப்பிட்ட ஆள், மேடையிலேயே விழுந்து செத்தான். குண்டு முதுகில். மேடையைப் பார்த்துச் சுட்டால் முதுகில் எப்படிப் படும் என்று யாரும் கேட்பதற்கு முன் இன்ஸ்பெக்டரே பதில் சொல்லிவிட்டார். தலைவரைக் காப்பாற்றக் கட்டியணைத்துத் திரும்பினானாம். தொலைக்காட்சிகள் அந்தப் பதிலுக்கு வயலின் சேர்த்தன. கட்டடத்து மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், துப்பாக்கி கிடந்தது. பக்கத்தில் ஸ்பானரோடு லிஃப்ட் மெக்கானிக். அவன்தான் மருமகன்.

"அவர் செஞ்சிருக்க மாட்டார்னு எப்படிச் சொல்றீங்க?" வால் கேட்டாள்.

"அவனா? சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க மாட்டான். துப்பாக்கியைத் தூக்கிட்டு ஆறு மாடி ஏறுவானாக்கும்? அதுவும் லிஃப்ட் ரிப்பேரா இருந்த அன்னிக்கு!"

"பாஸ், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது."

"விளையாடாதம்மா. சாயங்காலம் அதே மைதானத்துல மலைக்கு அஞ்சலிக் கூட்டம். அது முடிஞ்சதும் இவனை அந்த மாடிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம், எப்படிச் சுட்டேன்னு நடிச்சுக் காட்ட. 'பார்க்கணும்னா இப்பவே நல்லாப் பார்த்துக்கங்கம்மா'ன்னு கான்ஸ்டபிள் சொல்றாரு. அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அந்த இன்ஸ்பெக்டர் நடித்துக் காட்டக் கூட்டிப்போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. வயல்வெளியாக இருந்தால் தப்பி ஓடப் பார்ப்பார்கள். மாடியாக இருந்தால் குதித்துவிடுவார்கள். பத்திரிகையில் நாலு வரி வரும்.

"மருமகனைப் பிடிக்குமா உங்களுக்கு?" பூட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"பிடிக்காது" என்றாள் தையற்காரி. "ஆனா அவனைத் திட்டறதுக்கு எனக்குத்தான் உரிமை. பல்லைப் பிடுங்க எவனுக்கும் கிடையாது."

* * *

தூக்கம் வராத நாட்களுக்கென்று தலைவரின் பேச்சுகளைப் பதிந்து வைப்பது வாலின் வழக்கம். முந்தாநாள் நேரலையையும் பதிந்திருந்தாள். வயலின் சேர்ப்பதற்கு முந்தைய, மைதானத்துச் சத்தம் அப்படியே இருந்த காட்சி அது.

ஓடவிட்டாள்.

தலைவர் பேசுகிறார். விலைவாசி ஏறியதற்கு ஜனங்கள் அதிகம் சாப்பிடுவதுதான் காரணம் என்று விரலை ஆட்டித் திட்டுகிறார். வேட்டுச் சத்தம். கேமரா சட்டென்று கட்டடத்தின் உச்சிக்குத் திரும்புகிறது. உடனே, ஒரு மூச்சு விடும் இடைவெளி கூட இல்லாமல், கைதட்டல். மைதானமே அதிர்கிற கைதட்டல். கேமரா மேடைக்கு வரும்போது மலை குப்புறக் கிடக்கிறான். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் முதல் அலறல் கேட்கிறது.

பூட்டு திரும்ப ஓடவிடச் சொன்னான். திரும்பவும் அதேதான்.

"துப்பாக்கி வெடிச்சா எவனாவது கைதட்டுவானா?" என்றாள் வால். "அவ்வளவு பிடிக்காதவங்களா தலைவரை?"

"நாங்கதான் தட்டினோம்" என்றாள் தையற்காரி.

இருவரும் திரும்பினார்கள்.

"நானும் கூட்டத்துல இருந்தேன். கூலிக்குத்தான். தலையில கட்சித் தொப்பி, கையில சாப்பாட்டுப் பொட்டலம். எங்களைக் கூலி பேசிக் கூட்டிட்டுப் போற மேஸ்திரி ரெண்டாவது வரிசையில, நடைபாதை ஓரமா உட்கார்ந்திருப்பாரு. அவருக்கு மட்டும் சிவப்புத் தொப்பி. அதைக் கழட்டினா தட்டணும். மாட்டினா நிறுத்தணும். கழட்டினாரு, தட்டினோம்."

"மேடையில ஒரு ஆள் செத்து விழறப்பவா?"

"மேடையை யாரு பார்த்தா? பேச்சைக் கேட்டா கைதட்டத் தோணாது, தொப்பியை மட்டும் பாருங்கன்னு மேஸ்திரி முதல்லயே சொல்லித்தான் உட்கார வைப்பாரு."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மேஜை மேல் கிடந்த பல்லை எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

* * *

மேஸ்திரியின் கிடங்கு, மூடிப்போன பிஸ்கட் கம்பெனிக்குப் பின்புறம் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ இறைச்சி கொத்துவது போல ஒரு சத்தம்.

பூட்டு தோளால் இடித்தான். தாழ்ப்பாள் பெயர்ந்தது.

சுவரோரமாக எல்லாக் கட்சிக் கொடிகளும் கம்போடு கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. மெகாஃபோன்கள். வெற்றி ஊர்வலத்துக்கு வாங்கிப் போட்ட வேட்டுப் பெட்டிகள். நடுவில் ஒரு மேஜை. அதன் மேல் மேஸ்திரியின் வலது கையை ஒருவன் அழுத்திப் பிடித்திருந்தான். இன்னொருவன் கையில் சுத்தியல். இடது கை ஏற்கெனவே முடிந்திருந்தது. விரல் எது உள்ளங்கை எது என்று தெரியவில்லை.

"தட்டின கைதானே இது?" என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை இறக்கினான். மேஸ்திரியின் வாயில் தொப்பியைத் திணித்திருந்ததால் கத்தல் வெளியே வரவில்லை.

பூட்டு ஒரு கொடிக்கம்பை உருவினான். எந்தக் கட்சி என்று பார்க்கவில்லை. முதல் அடி சுத்தியல்காரனின் மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த குச்சி ஒடிவது போலக் கேட்டது. இரண்டாவது அடி முழங்காலில். அவன் சரிவதற்குள் மற்றவன் பின்னாலிருந்து இரும்புக் குழாயை வீசினான். பூட்டின் காது கிழிந்தது. ஒரு கணம் உலகமே மணி அடிப்பதாக இருந்தது.

குழாய்க்காரன் இரண்டாவது தடவை ஓங்கினான்.

"அண்ணே, காதோட காதா ஒரு விஷயம்" என்றாள் வால். அவன் திரும்பினான். மெகாஃபோனை அவன் காதில் வைத்து சைரன் பொத்தானை அழுத்தினாள். அவன் குழாயைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். அந்த மெகாஃபோனாலேயே அவன் மூக்கில் ஒன்று போட்டாள். மூக்கு இருந்த இடம் சிவப்பாகிப் போனது.

பூட்டு கீழே கிடந்த சுத்தியல்காரனை அடித்துக்கொண்டிருந்தான். கோபம் ஒன்றும் இல்லை. கை மேலே போயிற்று, கீழே வந்தது, மேலே போயிற்று.

"பாஸ். போதும். அவன் மயங்கி ரொம்ப நேரமாச்சு."

நிறுத்தினான். கம்பைக் கீழே வைத்தான்.

வால் மேஸ்திரியின் வாயிலிருந்து தொப்பியை எடுத்தாள். சிவப்புத் தொப்பிதான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன தப்பு பண்ணினேன்னு தெரியலைம்மா" என்றார் மேஸ்திரி. பல் கிட்டித்தது. "கட்சிச் செயலாளர்தான் சொன்னாரு, எதிர் மாடியில வாணவேடிக்கை வைக்கறோம், வெடிச்சதும் தட்ட ஆரம்பிங்க, கை ஓயக் கூடாதுன்னு. அப்படியே செஞ்சேன். மலை செத்துட்டான்னு தெரிஞ்சதும் மனசு கேக்கலை. தப்பான நேரத்துல தட்டிட்டோமான்னு காலையில அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். கேட்ட கொஞ்ச நேரத்துல இவனுங்க வந்துட்டானுங்க."

பூட்டு காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"கைதட்டல் தப்பான நேரத்துல வரலை. சரியான நேரத்துலதான் வந்திருக்கு. மாடியில வெடிச்சது வெறும் வேட்டு, அங்கே கிடந்த துப்பாக்கி முன்னாடியே போட்டு வச்சது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினாங்க. நிஜக் குண்டு மேடைத் திரைக்குப் பின்னாலேர்ந்து வந்துச்சு. மலையோட முதுகுல. அந்தச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அதை மூடத்தான் கைதட்டல்."

"அப்ப மலை யாரையும் கட்டிப் பிடிக்கலை" என்றாள் வால். "ஓட்டு குறையுதுன்னு எல்லா சர்வேலயும் வந்துச்சு. ஒரு தியாகி தேவைப்பட்டாரு. வீட்டுலயே ஒண்ணு வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. செயலாளர்தானா பாஸ்?"

"அவர்தான் தேர்தல் வேலை பார்க்கறார். அவர்தான் தட்டச் சொன்னார். நேர்ல கேட்டா இல்லைன்னு சொல்லுவார்."

"அப்புறம்?"

"எதிர்பாராம வேட்டு வெடிச்சா மேடையில இருக்கிற எல்லாரும் குனிவாங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவன் வேட்டுக்குக் குனிய மாட்டான். அவனுக்கு அது பட்டாசு. கைதட்டல் வந்தாத்தான் குனிவான். குண்டு அதுக்குள்ளதான் வரும்னு அவனுக்குத் தெரியும்."

வால் சிவப்புத் தொப்பியைத் தட்டித் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். காது வரை இறங்கியது.

"உங்க ஆளுங்க என் பேச்சைக் கேப்பாங்களா மேஸ்திரி?"

"மூஞ்சியை எவன் பார்த்தான்?" என்றார் அவர். "அந்த இடத்துல அந்தத் தொப்பி இருந்தாப் போதும்."

பூட்டு பெட்டியிலிருந்து ஒரு வேட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

* * *

மைதானம் நிறைந்திருந்தது. வெயில் தாழ ஆரம்பித்த நேரம். மேடையில் சவப்பெட்டி, சுற்றிலும் இரும்புத் தாங்கிகளில் மலர் வளையங்கள். பெட்டியின் காலடியில் மலையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. செயலாளர் ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். தலைவரின் டிரைவர் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு மேடைத் திரைக்குப் பின்னால் போனான். தலைவர் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். மைக்கைக் காலரில் குத்தியிருந்தார்கள். இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் கண்ணைத் துடைக்க வசதி.

"மலை எனக்காக உயிரைக் கொடுத்தான்!" மைதானமெங்கும் ஒலிபெருக்கிகள் முழங்கின. "நீங்க ஒரு ஓட்டுக்கு யோசிக்கறீங்க!"

போலீஸ் வேன் ஆறு மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே, முதுகுக்குப் பின்னால் விலங்கு மாட்டிய கைகளோடு மெக்கானிக். முகம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. மறுபக்கம் வீங்கி வேறு யாருடையதாகவோ இருந்தது. வேனுக்கும் வாசல்படிக்கும் நடுவில் தையற்காரி உட்கார்ந்திருந்தாள். காவலைத் தாண்டி வருவதற்காகத் தலையில் கட்சித் தொப்பி. இரண்டு கான்ஸ்டபிள்கள் அவளை எழுப்பப் பார்த்தார்கள்.

"மாடிக்குப் போகணும்னா என்னை மிதிச்சுட்டுப் போங்கடா!"

"மிதிக்கறதுக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லைம்மா. கேமரா நிக்குது பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பூட்டைப் பார்த்தார். "என்ன சார், காதுல ரத்தம்?"

"கொஞ்ச நேரம் மாடி ஏறாதீங்க."

"ஏன்?"

"ஏறினீங்கன்னா, தப்பான பக்கம் நின்னுட்டோமேன்னு அப்புறம் வருத்தப்படுவீங்க."

இன்ஸ்பெக்டர் நாலு ஆட்சிகளைப் பார்த்தவர். காற்று திரும்பப் போகிறது என்றால் முதலில் அவர் மூக்குக்குத்தான் தெரியும். பூட்டின் முகத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

"இது முடியற வரைக்கும்" என்றார்.

பூட்டு அதே நெருப்பில் தானும் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டான். கட்டடத்தின் சுற்றுச் சுவருக்குப் பின்னால் போனான். செல்போனைக் கிழியாத காதில் வைத்தான்.

"உட்கார்ந்துட்டியா?"

"உட்கார்ந்துட்டேன் பாஸ். என்னைச் சுத்தி ஊரே என் தலையைப் பார்க்குது. கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைக்காது."

"செயலாளர் மேல கண்ணை வை."

திரியில் நெருப்பு ஏறியது. மைதானத்தின் ராட்சதத் திரையில் மேடை முழுதும் தெரிந்தது. பூட்டு அதையே பார்த்தான்.

வேட்டு வெடித்தது. மேடையில் புயல் அடித்தது போல ஆட்கள் சரிந்தார்கள். வேட்பாளர் ஒருவர் இன்னொரு வேட்பாளரைக் கேடயமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால் விழுந்தது செயலாளர்தான். சவப்பெட்டி மேஜைக்கடியில் புகுந்து, அழுதுகொண்டே, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பாஸ், போச்சு" என்றது வாலின் குரல். "செயலாளர் முதல் ஆளா விழுந்துட்டாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நிஜமாவே வாணவேடிக்கைன்னு நினைச்சுத்தான் சொல்லியிருக்காரு. மேஸ்திரி போன் பண்ணினதையும் அப்படியே வேற யார்கிட்டயோ ஒப்பிச்சிருக்காரு."

திரையில் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

தலைவர். கண்கூட இமைக்கவில்லை. வீசிய கையைக் கூடக் கீழே இறக்கவில்லை.

"பாருங்கள், சிங்கத்தை!" என்று தொலைக்காட்சி அறிவிப்பாளர் பக்கத்தில் எங்கோ கத்தினார்.

"வால்."

"சொல்லுங்க பாஸ்."

"தொப்பியைக் கழட்டு."

"இப்பவா? தப்பான ஆளை இல்ல பார்த்துட்டு இருந்தோம்..."

"கழட்டு."

சிவப்புத் தொப்பி கழன்றது. துக்கத்துக்கு வந்த கூட்டம், கையில் இருந்த கறுப்புக் கொடிகளை மடியில் போட்டுவிட்டு, பலமாகக் கைதட்டியது.

வாழ்நாள் முழுவதும் கைதட்டலுக்காகவே மேடை ஏறியவர் தலைவர். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவர் முகம் வெளுத்தது. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தரையில் பாய்ந்து விழுந்தார். மூக்கு பலகையில் மோதியது. காலர் மைக் அணையவில்லை.

"டேய் டிரைவர்!" என்று ஒலிபெருக்கிகள் அலறின. "இன்னிக்கு யாருடா? எங்கிட்ட சொல்லவே இல்லையேடா! நான் இன்னும் தள்ளிக்கலைடா!"

வால் தொப்பியை மாட்டினாள். கைதட்டல் வெட்டியது போல நின்றது.

அந்த அமைதியில், மேடைத் திரைக்குப் பின்னாலிருந்து பதறியடித்து ஒரு குரல் வந்தது. அதையும் அந்த மைக் விடவில்லை.

"ஐயோ தலைவரே, இன்னிக்கு நான் இல்லைங்க!"

மைதானம் முழுவதும் சிவப்புத் தொப்பியைப் பார்த்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டது. வாலின் கை மடியிலேயே இருந்தது.

"இதுக்கு என்ன சைகைன்னு மேஸ்திரி சொல்லித் தரலையே பாஸ்" என்றாள். குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

சைகைக்குக் காத்திருக்காதவள் ஒருத்திதான் அங்கே இருந்தாள். மலையின் மனைவி எழுந்தாள். மலர் வளையத்தைக் கழற்றிப் பெட்டியின் மேல் ஒழுங்காக வைத்தாள். வளையம் இருந்த இரும்புத் தாங்கியை இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் அடி வாயில் விழுந்தது. ஒவ்வொரு அடியையும் காலர் மைக் ஊருக்கெல்லாம் சொன்னது. அடி. பல் தெறிக்கும் சத்தம். அடி. தலைவர் ஏதோ வாக்குறுதி கொடுக்கப் பார்த்தார். அடி. அதற்குப் பிறகு மைக்கில் வெறும் குமிழிச் சத்தம்தான்.

இன்ஸ்பெக்டர் சிகரெட்டை மிதித்து அணைத்தார். வேனுக்குள் குனிந்து மெக்கானிக்கின் விலங்கைக் கழற்றினார். தொலைக்காட்சிக் கேமரா தன் பக்கம் திரும்பியதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இவர் முக்கியமான சாட்சி. பாதுகாப்பு கொடுக்கத்தான் கூட்டிட்டு வந்தோம்."

கழற்றிய விலங்கோடு மேடையை நோக்கி நடந்தார். கான்ஸ்டபிள்கள் டிரைவரைப் பிடிக்கத் திரைக்குப் பின்னால் ஓடினார்கள். இன்ஸ்பெக்டர் ஓடவில்லை. இரும்புத் தாங்கி இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போய்ச் சேர நேரமாயிற்று.

மெக்கானிக் வேனின் படியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கால் தரையில் நிற்கவில்லை. தையற்காரி ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள்.

"நிமிர்ந்து நில்லுடா சோம்பேறி" என்றாள். "பல்லு பத்திரமா இருக்கு. என் பையிலதான் வச்சிருக்கேன். டாக்டர்கிட்டே கேட்போம்."

அவன் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவள் தலையில் இருந்த கட்சித் தொப்பியைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

"அத்தை."

"என்னடா?"

"அன்னிக்கு மாடியில வேட்டு வெடிச்சதும் கீழே கைதட்டல் கேட்டுச்சு. அந்தச் சத்தத்துலதான் போலீஸ் ஏறி வந்தது எனக்குத் தெரியலை." வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான். "நீங்களும் தட்டினீங்களா?"

தையற்காரி தொப்பியைக் கழற்றினாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். அது கையிலிருந்து கீழே விழுந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டாள், சற்று முன்பு வரை அவன் கைகள் இருந்த மாதிரியே.